தலைவன் இல்லாத தாளம்: கோலசிலாங்கூர் மின்மினிகள் சொல்லும் அறிவியல்

இருட்டிய பிறகு கோலசிலாங்கூர், கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறியவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. சிலாங்கூர் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டங்கூட்டமாக அமர்ந்திருக்கும். அவை ஒன்றாக ஒளிரும், ஒன்றாக அணையும். யாரோ சுவிட்சைத் தட்டித் தட்டி விடுவதுபோல் இருக்கும். அந்த சுவிட்ச் யார் கையில் இருக்கிறது?

இந்தக் கேள்வி அறிவியலாளர்களையே நீண்டகாலம் குழப்பியது. பூச்சிகள் சேர்ந்து மின்னுவதில்லை, பார்ப்பவரின் இமைதான் துடிக்கிறது என்று 1917இல் 'சயின்ஸ்' இதழில் ஒருவர் எழுதினார். 1960களில் ஜான் பக், எலிசபெத் பக் என்ற அமெரிக்கத் தம்பதியர் தாய்லாந்தில் மின்மினிகளைப் பிடித்து வந்து, பேங்காக்கில் ஹோட்டல் அறை ஒன்றின் இருட்டில் பறக்கவிட்டனர். முதலில் தாறுமாறாக மின்னிய பூச்சிகள், சுவரில் அமர்ந்ததும் இரண்டு மூன்றாகச் சேர்ந்து மின்னத் தொடங்கின.

அங்கே தலைவன் யாரும் இல்லை. ஒவ்வொரு பூச்சிக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பக்கத்துப் பூச்சியின் ஒளியைக் கண்டதும் அது தன் கடிகாரத்தைச் சற்றே திருத்திக்கொள்கிறது. அத்திருத்தம் திரும்பத் திரும்ப நடக்கும்போது மரமே ஒரு தாளத்துக்கு வந்துவிடுகிறது. இப்படி, அக்கம்பக்கத்தை மட்டும் கவனிக்கும் பல சிறு உறுப்புகள் சேர்ந்து பெரிய ஒழுங்கை உண்டாக்குவதை ஆராய்வதே 'சிக்கலான அமைப்புகளின்' இயற்பியல். நம் இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் ஆயிரக்கணக்கான செல்களும் இப்படித்தான் ஒத்திசைகின்றன.

மனிதர்களும் விதிவிலக்கல்ல. ருமேனியா, ஹங்கேரி நாடுகளின் அரங்குகளில் கைத்தட்டலைப் பதிவுசெய்த ஆய்வு 2000இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. முதலில் எல்லாரும் வேகமாக, தத்தம் போக்கில் தட்டுகிறார்கள். பிறகு வேகத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததும் கைகள் ஒன்றுசேர்கின்றன. உற்சாகத்தில் வேகம் கூடினால் தாளம் மறுபடியும் சிதறுகிறது. தைப்பூசத்தன்று பத்துமலையில், உறுமி மேளத்தைச் சுற்றி எழும் "வேல் வேல்" முழக்கம் சற்று நேரத்தில் ஒரே குரலாவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஜப்பானிய இயற்பியலாளர் யோஷிகி குராமோட்டோ 1975இல் ஒரு கணித மாதிரியை உருவாக்கினார். உறுப்புகளுக்கு இடையிலான பிணைப்பு ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால்தான் ஒத்திசைவு பிறக்கும் என்று அது காட்டியது. வரம்புக்குக் கீழே போனால் ஒழுங்கு நிற்காது. ஒவ்வொன்றும் தன் போக்கில் துடிக்கும்.

மின்மினிகளுக்குப் பிணைப்பு என்பது ஒன்றின் ஒளி மற்றொன்றின் கண்ணில் படுவதுதான். கரையோர விளக்குகளின் வெளிச்சம் அதை மங்கச் செய்கிறது. பெரெம்பாங் மரங்கள் வெட்டப்பட்டால் அவை கூடுவதற்கு இடமில்லை. கரையோர ஈரமண் அழிந்தால், அங்கே நத்தைகளைத் தின்று வளரும் புழுக்களும் அழியும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே குறைகிறது என்று நாம் அலட்சியமாக இருக்க முடியாது. பூச்சிகள் சில மிஞ்சியிருந்தாலும் அந்தத் தாளம் இல்லாமல் போகலாம்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். படகில் ஏறியதும் கைப்பேசி விளக்கையும் கேமரா ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். அந்தப் பூச்சிகள் ஒன்றையொன்று பார்க்க அந்த இருட்டு வேண்டும்.