துறையும் தெருவும் – 11: பாதை போய் வீதி வந்தது

ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் “கிண்ணியாவுக்குப் பாதை எங்கே?” என்று கேட்டால், திருகோணமலையின் பழைய ஆட்கள் சற்று யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். கிழக்கில் ‘பாதை’ என்றால் தெரு மட்டுமில்லை. இரும்பு மிதவைகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, ஆற்றுக்கோ களப்புக்கோ குறுக்கே இழுத்துப் போவார்களே, அதற்கும் பெயர் பாதைதான். பஸ் ஏறும், மாடு ஏறும், மணப்பெண்ணும் ஏறுவாள். அக்கரையில் பாதை நின்றால் இக்கரையில் நீங்கள் நிற்க வேண்டும். அவசரம் என்று சொல்லிப் பயனில்லை.

போன கிழமை உள்துறைமுக வீதியோடு நிறுத்தியிருந்தேன். இந்தக் கிழமை தெற்கே இறங்கி, கிண்ணியாத் துறையடியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரக் காக்காவுக்கு எழுபது வயதுக்கு மேல். இளமையில் பாதையில் கயிறு பிடித்தவர். வீதி விபத்துகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் தேநீரை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“பாதை இருந்த காலத்துல ஆருக்கு மாஸ்டர் வேகம்? பாதை வந்தாத்தானே போகலாம்!”

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இந்த மாவட்டத்தின் வீதிகளைப் பற்றி நான் வாசித்த எந்த அறிக்கையிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபர் 20. நீளம் 396 மீற்றர். நாட்டிலேயே நீளமான பாலம் என்று அன்று மேடையில் சொன்னார்கள். சவூதி கடனுதவி. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று மட்டக்களப்புப் பக்கமாகப் பாலங்கள் வரிசையாக எழும்பின. மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதி முழுக்க ‘காபெட்’ போட்டார்கள். மூதூருக்கு லாஞ்சில் ஏறி, வாந்தி எடுத்துக்கொண்டு போன தலைமுறை நான். முதன்முதலாக பஸ்ஸில் இருந்தபடியே மூதூர் போய் இறங்கிய அன்று, பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பாலங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அதே இரண்டு மூன்று ஆண்டுகளில் இன்னொன்றும் போனது. போர்க்காலச் சோதனைச் சாவடிகள். வீதியின் குறுக்கே மண் நிரப்பிய தார்ப் பீப்பாய்களை இடமும் வலமுமாக வைத்திருப்பார்கள். எவ்வளவு பெரிய லொறியானாலும் நடை வேகத்தில் நெளிந்து நெளிந்துதான் போக வேண்டும். அந்தப் பீப்பாய்களை எவரும் வீதிப் பாதுகாப்புக்காக வைக்கவில்லை. அவை போனதில் எவருக்கும் வருத்தமும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் பாதையும் பீப்பாயும் ஒன்றாகப் போன பிறகு, இந்த மாவட்டத்தில் வாகனத்தின் வேகத்தைக் குறைக்க எஞ்சியது ஓட்டுகிறவரின் புத்தி ஒன்றுதான்.

இனி நாட்டுக் கணக்குக்கு வருவோம்.

இலங்கையில் வீதி விபத்தில் இறந்தவர் தொகை 2016, 2017, 2018 மூன்று ஆண்டுகளிலும் 3,000-ஐத் தாண்டியது. 2019-இல் கொஞ்சம் இறங்கியது. 2020-இல் 2,400-க்கும் கீழே வந்தது. அதன் பிறகு 2,300-க்கும் 2,500-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்து, 2024-இல் மறுபடியும் 2,500 அளவுக்கு வந்து நின்றது. மேடைப் பேச்சில் இதை “வீழ்ச்சி” என்று சொல்ல இடமுண்டு. நாளொன்றுக்கு எட்டுப் பேர் செத்த நாட்டில் 2024-இல் ஆறேழு பேர் செத்தார்கள்.

எதனால் இறங்கியது என்று பார்த்தால் அந்தப் பெருமை நிலைக்காது. 2019-இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு. ஊரடங்கு நாட்கணக்கிலும் பயம் மாதக்கணக்கிலும் இருந்தன. 2020-இல் கொரோனா. அந்த மார்ச்சில் வாகன இறக்குமதியையும் நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022. அந்த ஆண்டை மறக்க முடியுமா? பெற்றோல் வரிசையிலேயே ஆட்கள் படுத்துத் தூங்கினார்கள். கியூஆர் முறை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர், ஆட்டோவுக்கு ஐந்து. திருகோணமலை நகரின் அனுராதபுரச் சந்தியில் பட்டப்பகலில் நாய் நடு வீதியில் படுத்திருந்ததை நானே பார்த்தேன்.

ஓடுவதற்கு எரிபொருளே இல்லாத அந்த ஆண்டிலும் 2,400-க்கு மேற்பட்டவர்கள் வீதியில் இறந்திருக்கிறார்கள். இதை வாசித்தபோது முதலில் அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். ஆனால் இது இங்கே மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் 2020-இல் மக்கள் வாகனம் ஓட்டிய தூரம் நன்றாகக் குறைந்தது. சாவோ முந்திய ஆண்டைவிடக் கூடி 38,000-ஐத் தாண்டியது. காலியான வீதி வேகத்துக்கு அழைக்கிறது. எங்கள் ஊரில் அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. கூரையில் தொங்கவிட்டிருந்த சைக்கிள்களை எல்லாரும் இறக்கினார்கள். டைனமோ தேய்ந்துபோன, பின்னால் சிவப்புக் கண்ணாடிகூட இல்லாத சைக்கிள்கள். மின்வெட்டு இருட்டில் அவற்றுக்குப் பின்னால் ஒரு பவுசர் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: நாங்கள் ஓடாமல் நின்றதால் கணக்கு இறங்கியது, ஓடத் தொடங்கியதும் ஏறுகிறது. இடையில் வீதி அப்படியேதான் கிடக்கிறது.

கணக்கு சரிதானா என்ற கேள்வி வரும். சரிதான். இந்த விடயத்தில் இலங்கையைப் பாராட்டலாம். 2016-ஆம் ஆண்டுக்கு இலங்கை அரசு கொடுத்த எண்ணிக்கை 3,003. உலக சுகாதார நிறுவனம் தன் வழியில் மதிப்பிட்டது 3,096. வித்தியாசம் நூறுகூட இல்லை. அதே ஆண்டுக்கு இந்திய அரசு சொன்னது ஒன்றரை இலட்சம். நிறுவனம் மதிப்பிட்டதோ ஏறத்தாழ மூன்று இலட்சம். இங்கே மரண விசாரணை அதிகாரி பார்க்காமல் விபத்துச் சடலம் வீட்டுக்குப் போகாது, காயம்பட்டவர் பெரும்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போவார். கணக்குத் தப்பாததற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். செத்தவரை எண்ணுவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

சாகிறவர் யார் என்பதிலும் குழப்பமில்லை. மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களும் சேர்ந்தாலே பாதியை வெகுவாகத் தாண்டிவிடும். நாட்டில் பதிவான வாகனங்கள் 80 இலட்சத்துக்கு மேல். அவற்றில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். 2025 மே 11 அன்று கொத்மலை கரண்டி எல்லவில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது நாடே உலுக்கப்பட்டது. பஸ் சாரதிகளுக்கு இருக்கைப் பட்டி வேண்டுமா என்று பல நாள் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் அந்தப் பள்ளத்தில் போன அளவு உயிர்கள் மூன்று நாலு நாளில் ஒவ்வொருவராக, ஒவ்வொரு சந்தியாகப் போய்விடுகின்றன. அவர்களுக்குப் பத்திரிகையில் நான்கு வரி. “தலையில அடி, கண்டிக்கு அனுப்பியிருக்கினமாம்” என்று அயலில் ஒரு பேச்சு. அதோடு சரி.

பாடசாலை விடும் நேரத்தில் எந்தச் சந்தியிலாவது பத்து நிமிடம் நின்று பாருங்கள். அப்பா தலையில் ஹெல்மெட், பட்டி கட்டாமல், காதோரம் ஆடிக்கொண்டு. தண்ணீர்ப் போத்தல் மூடியைத் திருகிப் பூட்டுகிற கை இந்தப் பட்டியைப் பூட்டாது. பின்னால் அம்மா. அவர் தலையிலும் ஹெல்மெட் உண்டு, பொலிஸ் நிற்கும் இடம்வரை. அதைத் தாண்டியதும் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொள்வார், வியர்க்குமாம். இருவருக்கும் நடுவே ஒரு பிள்ளை, பெற்றோல் தாங்கியின் மேல் இன்னொன்று. அவர்களுக்கு ஹெல்மெட் கிடையாது. பிள்ளை அளவுக்கு ஹெல்மெட் கடையில் கிடைக்குமா என்று கேட்டபோது, கடைக்காரர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இரவானால் ஏ15 வேறு வீதி. பகலில் வெயில் குடித்த தார் நடுச்சாமம் வரை சூடாறாது. மாடுகளுக்கு அது மெத்தை. களப்புக் காற்றில் நுளம்பும் குறைவு. கறுத்த மாடு கறுத்த தாரில் படுத்திருந்தால், கண் மட்டும் வெளிச்சத்தில் பச்சையாக மினுங்கும். தலையைத் திருப்பிப் படுத்திருந்தால் அதுவும் இல்லை. நகருக்குள் வந்தால் புள்ளிமான்கள். கோட்டைப் பக்கம் இருந்து குப்பை தேடி இறங்கும் மந்தை, ஒன்று கடந்தால் பின்னால் நாலு கடக்கும். ஊர்க்காரருக்குத் தெரியும், உல்லாசப் பயணிக்குத் தெரியாது. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் யானை. இதற்கெல்லாம் நடுவே நெல் ஏற்றிய லேண்ட்மாஸ்டர், பின் வெளிச்சம் என்று எதுவும் இல்லாமல், மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில் போகும். அதற்குப் பின்னால் மகாவலி மணலோடு டிப்பர்.

ஊருக்கு வெளியே சட்டம் அனுமதிக்கும் வேகம் 70, ஊருக்குள் 50. ஆனால் ஊர் எங்கே தொடங்குகிறது? ஏ15 நெடுகிலும் வீடு, கடை, பள்ளிவாசல், கோயில், பாடசாலை. வீதியே ஊர், ஊரே வீதி. அகலமான காபெட்டும் வெள்ளைக் கோடும் போட்டவர்கள், அதன் ஓரத்தில் நடக்கிற கிழவிக்கு இரண்டடி இடம் விட மறந்துவிட்டார்கள்.

ஆசிரியராக இருந்த முப்பது ஆண்டுகளில் ‘வீதிப் பாதுகாப்பு வாரம்’ எத்தனை நடத்தியிருப்பேன்! சித்திரப் போட்டி, பேச்சுப் போட்டி, ‘வேகம் சோகம்’ என்று எதுகையோடு சுலோகம். பரிசு கொடுத்துக் கைதட்டியவன் நான்தான். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. பிள்ளை சித்திரத்தில் மஞ்சள் கோட்டை அழகாக வரைந்துவிட்டு வெளியே வந்தால், பாடசாலை வாசலில் மஞ்சள் கோடு அழிந்து கிடக்கும். பாதசாரிக்கு நாங்கள் ஒழுக்கம் கற்பித்தோம். வீதி போட்டவருக்கு யாரும் எதுவும் கற்பிக்கவில்லை.

1997-இல் சுவீடன் நாடாளுமன்றம் இதைத் தலைகீழாக்கியது. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு உயிரை விலையாகக் கேட்காதபடி வீதியைக் கட்ட வேண்டியது கட்டுகிறவர் பொறுப்பு என்று முடிவெடுத்தார்கள். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் மோதினால் நடந்து போகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார், 50-இல் அந்த வாய்ப்புச் சுருங்கிவிடும். ஆகவே ஆள் நடக்கும் இடத்தில் 30-க்கு மேல் ஓட முடியாதபடி வீதியை நெளித்தார்கள், ஒடுக்கினார்கள், மேடாக்கினார்கள். அன்று ஆண்டுக்கு 540 அளவில் இருந்த சாவு, அண்மை ஆண்டுகளில் 250-க்கும் கீழே. நெளிக்கிறது, ஒடுக்குகிறது என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தவை எங்கள் தார்ப் பீப்பாய்கள்தான். துவக்கோடு ஒரு சிப்பாய் இல்லாமல் அதே வேலையை ஒரு பூச்சாடியும் செய்யும்.

காக்கா இரண்டாவது தேநீர் ஊற்றினார். “குறிஞ்சாக்கேணியை எழுதுவீங்களா?” என்று கேட்டார்.

அது வீதி விபத்தா என்று நான் தயங்கினேன். கிண்ணியாவிலேயே உள்ள குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை மூடிப் புதியதைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அதுவரைக்கும் சனம் கடக்க மிதப்புப் பாதை ஒன்று ஓடியது. 2021 நவம்பர் 23 காலை, பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சிறுவர். இரண்டு நாளில் கடற்படை படகு கொண்டுவந்து சேவை நடத்தியது. பாலம் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் முடியாமல் கிடந்தது.

பொலிஸாரின் வீதி விபத்து அட்டவணையில் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நிரல் உண்டு, ஆட்டோவுக்கு உண்டு, பாதசாரிக்கு உண்டு. மிதப்புப் பாதைக்கு நிரல் இல்லை. தண்ணீரில் போனதால் அந்தப் பிள்ளைகள் அந்த ஆண்டின் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சேரவில்லை. வீதி இல்லாமல் செத்தவர்களை வீதிக் கணக்கு எப்படி எண்ணும்?

“எழுதுறன் காக்கா” என்றேன்.

எழும்பும்போது ஒரு மோட்டார் சைக்கிள் கடை வாசலில் நின்றது. வாப்பாவும் மூன்று பிள்ளைகளும், நாலு பேருக்கு ஒரு ஹெல்மெட். குறிஞ்சாக்கேணிப் பக்கத்து ஆள் என்று காக்கா சொன்னார். அந்தக் காலைக்குப் பிறகு பிள்ளைகளைப் படகில் விடுவதில்லையாம், சுற்று வீதியால் தானே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறாராம். தாங்கியின் மேல் இருந்த சின்னவளுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“தண்ணிய நம்பேலா மாஸ்டர்.”

வண்டி டிப்பர்களுக்கு நடுவே புகுந்து போனது.

(தொடரும்)