கத்தி துலக்கிய கைகள்

காலை ஆறு மணி. எழுந்தாக வேண்டும்! ஏழு மணிக்குச் சிற்றுண்டி. எட்டு மணிக்குப் படிப்பு. ஒன்பதுக்கு வழிபாடு. பிறகு பண்டைய வரலாறு, இலக்கியம். உச்சிப் பொழுதில் உடற்பயிற்சி, அதை அடுத்து உணவு, பாட்டு, பியானோ. மாலையில் தலைமையாசிரியையின் அறிவுரை. ஆறு மணிக்கு இரவு உணவு. மீண்டும் படிப்பு. எட்டே முக்காலுக்கு, படுக்கச் சொல்லி மணி அடிக்கும்!

1847-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்துச் சவுத் ஹாட்லி எனும் சிற்றூரில், மௌண்ட் ஹோலியோக் பெண்கள் உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருத்தி, தன் தோழிக்கு எழுதிய கடிதத்தில் தீட்டிக் காட்டிய அன்றாட வாழ்க்கை இது. அந்தக் கடிதத்திலே இன்னொரு செய்தியும் இருக்கிறது. காலையிலும் நண்பகலிலும் சாப்பாட்டு மேசைகளிலிருந்து கத்திகளை எடுத்துச் செல்வது அவள் வேலை. இரவில் அத்தனை கத்திகளையும் கழுவித் துடைத்து வைப்பதும் அவள் வேலை!

யார் அந்தப் பெண்? கட்டணம் கட்ட வழியில்லாத ஏழையின் மகளா? அல்ல, தோழர்களே, அல்ல! அவள் தந்தை பெயர் பெற்ற வழக்கறிஞர். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியின் பொருளாளர். அவள் பெயர் எமிலி டிக்கின்சன். உலகம் இன்று பெருங்கவிஞர் என்று போற்றுகிறதே, அதே எமிலி டிக்கின்சன்!

வழக்கறிஞர் மகள் ஏன் கத்தி துலக்கினாள்? தண்டனையா? இல்லை. அது அந்தப் பள்ளியின் சட்டம். ரொட்டி சுடுவதும், பாத்திரம் கழுவுவதும், கூடம் பெருக்குவதும் மாணவியரே. நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், ஒவ்வொருத்தியும் உழைத்தாக வேண்டும். சீமான் மகளுக்கு விலக்கு இல்லை. உழவன் மகளுக்குக் கூடுதல் சுமை இல்லை.

சட்டம் வகுத்தவர் மேரி லயன் அம்மையார். 1797-இல் மலையோரச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் தந்தையை இழந்தவர். நூல் நூற்று, துணி நெய்து, அந்தக் காசில் படித்தவர். 17 வயதில் ஆசிரியை ஆனார். கிடைத்த ஊதியம் வாரத்துக்கு 75 சென்ட். ஒரு டாலர்கூட இல்லை!

பட்டினியின் சுவையறிந்தவருக்கு ஒன்று தெரிந்திருந்தது: பெண்ணுக்கு அறிவு இல்லாமல் இல்லை, பணம்தான் இல்லை! உயர்ந்த கல்வி இருந்தது, உள்ளவன் மகளுக்கு. இல்லாதவன் மகளுக்கு? அடுப்பும் தொட்டிலும்!

புறப்பட்டார் அம்மையார், கையிலே ஒரு பச்சை வெல்வெட் பையோடு. ஊர் ஊராய், பண்ணை பண்ணையாய்ச் சென்று நிதி கேட்டார். "ஒரு பெண் தனியாகப் பயணம் போவதா? பலர் முன் கை நீட்டுவதா?" என்று முகம் சுளித்தனர் மேட்டுக்குடியினர். அம்மையார் நின்றாரில்லை. ஏறத்தாழ 90 ஊர்களில், 1800 பேரிடம், 27 ஆயிரம் டாலர் திரண்டது. ஆயிரம் டாலர் தந்தவர் இருவர். ஆறே சென்ட் தந்தவர்களும் உண்டு. பை இரண்டையும் ஒன்றுபோலவே ஏற்றுக்கொண்டது!

1837, நவம்பர் 8. பள்ளி திறந்தது. கட்டட வேலை முடிந்தபாடில்லை. பொறுப்பாளராக இருந்த பெரிய மனிதர் ஒருவர், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தரையில் பாய் பதிக்க ஆணி அடித்துக்கொண்டிருந்தார்! கட்டணம், உணவும் உறைவிடமும் கல்வியும் சேர்த்து, ஆண்டுக்கு 60 டாலர். எப்படி முடிந்தது? வேலைக்காரர் கூலி இல்லை, மாணவியர் கையே உதவி. அம்மையார் தமக்கென்று எடுத்துக்கொண்ட ஊதியமோ ஆண்டுக்கு 200 டாலர்தான்.

"ஓகோ, பெண்ணுக்குச் சமையல் கற்பிக்கும் பள்ளிதானா!" என்று கேலி பேச எவரும் முன்வர வேண்டாம். வீட்டு வேலை கற்பிப்பது தம் பள்ளியின் நோக்கமல்ல, அதை வீட்டில் தாயிடம் கற்கட்டும் என்று தெளிவாகவே சொல்லிவிட்டார் அம்மையார். அங்கே கற்பித்தது கணிதம், இலத்தீன், தாவர நூல், வேதியியல். வேதியியலை அம்மையாரே கற்பித்தார்.

குறையே இல்லையா? உண்டு. தாமதமாய் வந்தாயா, விதி மீறினாயா என்று மாணவியே தன் குற்றத்தை எடுத்துச் சொல்லியாக வேண்டும். மதத்தின் பிடியும் இறுக்கமானது. பக்தியில் உறுதியானவர், நம்பிக்கைக்கு இடமுள்ளவர், நம்பிக்கைக்கே இடமற்றவர் என மாணவியரை மூன்றாகப் பிரித்தனர். எமிலி கடைசிப் பிரிவில் நின்றாள். ஆசிரியைகள் மன்றாடியும் மாறவில்லை! 1848-இல், ஓராண்டுக்கும் குறைவான காலத்தில், பள்ளியை விட்டுச் சென்றாள். இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. அங்கே தேறிய முதல் கறுப்பினப் பெண்ணாக அறியப்படும் ஹார்டென்ஸ் பார்க்கர், அடிமைத்தளையிலிருந்து தம்மையே மீட்டுக்கொண்ட ஒருவரின் மகள், தேறி வெளிவந்தது 1883-இல். பள்ளி திறந்து 46 ஆண்டுகளுக்குப் பிறகு! ஆறு சென்டுக்குத் திறந்த கதவு, நிறத்துக்குத் திறக்க அத்தனை காலம் பிடித்தது.

அந்தப் பள்ளி 1893-இல் கல்லூரி என்ற பெயர் பெற்றது. பாத்திரம் கழுவும் முறை பின்னர் மறைந்தது. மரபுகள் சில மறையவில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு நாள், முன்னறிவிப்பின்றி மணி முழங்கும். வகுப்புகள் இல்லை, மலையேறப் புறப்படு என்று பொருள்! 1838 முதல் வரும் வழக்கம் அது. நவம்பரில், நிறுவனர் நாளையொட்டி, குளிர்ந்த விடியலில் அம்மையாரின் கல்லறையருகே கூடி ஐஸ்கிரீம் உண்கிறார்கள் மாணவியர். 1849-இல் மறைந்தவரை அழுகையோடு அல்ல, சிரிப்போடு நினைக்கிறார்கள்!

தோழர்களே! ஆலையில் உழைத்துவிட்டு வீடு திரும்பும் நேரத்தில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். விளக்கடியில் மகன் புத்தகம் விரித்திருக்கிறான். மகள் எங்கே? முற்றத்தில், பாத்திரக் குவியலின் முன்! பெண்ணின் படிப்பைக் கெடுப்பது பாத்திரமல்ல. அது அவள் ஒருத்தியின் தலையிலேயே விழுகிறதே, அதுதான் கெடுக்கிறது. எல்லாக் கையும் துலக்கினால் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும் என்று மேரி லயன் நடத்திக் காட்டினார். பங்கிட்ட உழைப்பு படிப்பைத் தந்தது. படிப்பு, கத்தி துலக்கிய கையில் எழுதுகோலையும் தந்தது.

ஆயிரம் டாலர் நம்மிடம் இல்லை. ஆனால் இன்றிரவு உணவு முடிந்ததும், தட்டை எடுக்கச் சொல்லி மகனிடம் கூறலாமே! புத்தகத்தை எடுக்கச் சொல்லி மகளிடம் கூறலாமே! அதற்கு ஆறு சென்டுகூடத் தேவையில்லை.