பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், கீழ்பென்னாத்தூரில் உள்ள என் தங்கை வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில், பிளஸ் டூ படித்த காலத்தில் மூத்த மகளுக்குக் கிடைத்தது. அவள் வேலைக்குப் போனபின் தம்பிக்குச் சொந்தமாயிற்று. அந்த யந்திரத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய போஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. அவ்விரண்டாவது வாசல் எங்கள் வீட்டில் பல வருஷங்கள் திறக்கப்படாமலே கிடந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தந்தான்.

திறந்தவன் இளையவன். இன்று அதில் புதியதொரு லினக்ஸை ஏற்றி, எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலேசான டெஸ்க்டாப்பை அமைத்து, பேனலை இடப்பக்கம் நிறுத்தி, மெனுவைத் தமிழாக்கி, தன் மனம்போலச் சமைத்து வைத்திருக்கிறான். 2002இல் விண்டோஸுக்காக வெளிவந்த மாரோவிண்ட் என்ற விளையாட்டை, 1993 முதல் வளர்ந்துவரும் வைன் என்னும் மென்பொருளின் துணையால் அதில் ஓட்டுகிறான். விண்டோஸ் புரோகிராம் கேட்பவற்றையெல்லாம் லினக்ஸுக்கு விளங்கும்படி எடுத்துரைப்பது வைனின் காரியம்.

அந்த விளையாட்டின் சுவர்களை மெருகேற்ற, ரசிகர்கள் செய்த 'மாட்' என்னும் மாற்றத் தொகுப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டு, "ஃபைலெல்லாம் சரியாத்தான் போட்டேன் மாமா, சுவரு மட்டும் மாறவே இல்ல" என்றான். இருவருமாய் அமர்ந்து நெடுநேரம் தேடினோம். முந்தைய மாட் ஒன்று உண்டாக்கிய ஃபோல்டரின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியது. புதியது அதே பெயரைச் சின்ன எழுத்தில் கொண்டு வந்திருந்தது. விண்டோஸ் இரண்டையும் ஒன்றெனப் பாவித்துக் கலந்துவிடும். லினக்ஸோ, எழுத்து வேறானால் ஆளும் வேறென்று தனித்தனியே வைத்துக்கொள்ளும். வைன் அவற்றுள் ஒன்றை மட்டுமே கண்டது. அகரத்திற்குப் பெரிதும் சிறிதும் இல்லாத பாஷையில் படித்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பேதம் எளிதில் கண்ணில் படுமா? இரண்டையும் ஒரே ஃபோல்டராக்கியதும் சுவர்கள் மாறின. அவன் முகத்தில் தோன்றிய பிரகாசத்தை என்னவென்று சொல்வேன்!

இந்தத் தொல்லைக்கே இடமில்லாத வழியொன்றும் உண்டு. 2008இல் ஆரம்பமான ஓப்பன்எம்டபிள்யூ, அந்த விளையாட்டின் எஞ்சினையே சுதந்திர மென்பொருளாக மறுபடி எழுதிய பெருமுயற்சி. அதில் ஒவ்வொரு 'மாட்' தொகுப்பும் தன் இடத்திலேயே இருக்க, எது எதற்குப்பின் என்ற வரிசையை மட்டும் எழுதி வைத்தால் போதும். எழுத்து பெரிதா சிறிதா என்ற பேதமும் அங்கே குறுக்கிடுவதில்லை. நேர்த்தியான ஏற்பாடு. ஆயினும், முதலில் கஷ்டப்பட்டுத் தேடிய அந்த மாலைப் பொழுது அவனுக்கு வாய்த்ததே நல்லதென்பது என் அபிப்பிராயம்.

இப்போது கிம்ப் என்னும் பட மென்பொருளில் ஒரு கடைப் பலகையை வரைந்துகொண்டிருக்கிறான்; விளையாட்டில் வரும் ஒரு நகரத்துக் கடைவீதியில் 'மளிகை' என்று தமிழில் தொங்கப் போகிறதாம். சேமிக்குமுன், ஃபோல்டரின் முதலெழுத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டான்.