பகுத்தறிவும் மனிதன் தெரிவும்

மனிதனைப் பகுத்தறிவுடைய பிராணி என்று வரைவிலக்கணப்படுத்துதல் அரிஸ்டோட்டிலின் வழிவந்த பழைய மரபு. நமது சைவ சித்தாந்த நூல்களும் அந்தக்கரணங்களை மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என நான்காக வகுத்து, இவற்றுள் நிச்சயிக்குந் தொழிலைப் புத்திக்கே உரித்தாக்கின. கடோபநிடதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகித்தது. பிளேட்டோவும் ஓர் உரையாடலிலே ஏறக்குறைய இதே தேரை ஓட்டுகின்றார். இவர்களுக்கு மாறாக, 1739ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம், அறிவு சாரதியன்று, அது உணர்ச்சிகளின் ஏவலாளே என்று துணிந்து எழுதினார். நாம் ஒன்றைத் தெரிந்து மற்றொன்றை விடும்போது உண்மையில் தேரைச் செலுத்துவது யார் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

சாரதியின் கட்சிக்குச் சிறந்த வழக்கறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் ஆவர். 1772இல் விஞ்ஞானி பிரீஸ்ட்லி, ஷெல்பேர்ண் பிரபுவிடம் உத்தியோகம் ஏற்பதா விடுவதா என்று அவரிடம் ஆலோசனை கேட்டார். பிராங்கிளின் எதைச் செய் என்று சொல்லவில்லை. எவ்வாறு தீர்மானிப்பது என்பதை மட்டும் எழுதியனுப்பினார். ஒரு தாளை நடுவே கோடிட்டுப் பிரித்து, ஒருபுறம் சார்பான காரணங்களையும் மறுபுறம் எதிரான காரணங்களையும் மூன்று நான்கு நாள் வரை நினைவுக்கு வரவர எழுதிக்கொள்ளல். பின்பு இருபுறமும் நிறையொத்தவற்றை ஒன்றோடொன்று கழித்துவிடல். எஞ்சி நிற்பது எப்பக்கமோ அப்பக்கம் சாய்தல். கணக்கியற் பாடத்தில் ஐந்தொகை எழுதிப் பழகியோர்க்கு இம்முறை புதிதன்று. பிரீஸ்ட்லி மறு ஆண்டில் அவ்வுத்தியோகத்தை ஏற்றார். 1774இல் ஒட்சிசனைக் கண்டறிந்ததும் அப்பிரபுவின் மாளிகையிலேதான்.

இதே தாளை 1838இல் சார்ள்ஸ் டார்வினும் எடுத்தார். அவரது வினா, விவாகஞ் செய்வதா வேண்டாவா என்பது. செய்யின் நூல்கள் வாங்கப் பணங் குறையும், காலம் வீணாகும், அறிஞரோடு அளவளாவுதல் அருகும் என்று ஒருபுறம் எழுதினார். மறுபுறத்தில் பிள்ளைகள், முதுமையில் துணை ஆகியவற்றைக் குறித்து, அத்துணை ஒரு நாயைவிட மேலானதே என்றும் சேர்த்துக்கொண்டார். (இக்குறிப்பை அம்மையார் பின்னர் கண்டாரோ என்று கேட்கத் தோன்றுகின்றது.) ஈற்றில் விவாகமே முடிவாயிற்று, 1839 சனவரியில் அது நடந்தேறியது. ஆனால் அக்குறிப்பைப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். அவரைத் தீர்மானிக்கச் செய்தது கூட்டல் கழித்தலன்று. புகைசூழ்ந்த இலண்டன் வீடொன்றில் ஆயுள் முழுவதும் தேனீயைப்போலத் தனியே உழைத்துக் கழியும் ஒரு வாழ்க்கைக் காட்சி அவர் மனக்கண்ணில் எழுந்தது. அதை அவரால் தாங்க இயலவில்லை.

அவ்வாறாயின் கணக்கு வெறும் அலங்காரமோ எனில், அன்று. கணக்கிற்கு எல்லையுண்டு என்பதே சரி. அமெரிக்கப் பேராசிரியர் ஹேர்பேட் சைமன் 1955இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வெல்லையை வகுத்துக் காட்டினார். எல்லா வழிகளையும் அறிந்து, எல்லா விளைவுகளையும் எடைபோட்டு, மிகச் சிறந்ததையே தெரியும் ஒரு மனிதனைப் பொருளியல் நூல்கள் அதுவரை கற்பித்து வந்தன. அத்தகையோன் எங்குமில்லை, காலமும் அறிவும் குறுகிய மனிதன், போதுமானது ஒன்று கிடைத்தவுடன் தேடலை நிறுத்துகின்றான் என்றார் சைமன். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் பெற்றோர் குடாநாட்டிலுள்ள சாதகங்கள் அனைத்தையும் பார்த்து முடித்தா நாள் வைக்கின்றனர்? பொருத்தமும் குணமும் ஓரளவு அமைந்தாற் போதும். இது பகுத்தறிவின்மையன்று, எல்லைக்குட்பட்ட பகுத்தறிவு. 1978இல் சைமன் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

உணர்ச்சியை அடியோடு நீக்கிவிட்டால் சாரதி செவ்வனே ஓட்டுவான் என்று எண்ணுவாரும் உளர். நரம்பியல் வைத்தியர் அந்தோனியோ டமாசியோ 1994இல் வெளியிட்ட நூல் இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. மூளையின் முன்பகுதி சேதமுற்ற நோயாளி ஒருவர் புத்திப் பரீட்சைகள் எல்லாவற்றிலும் நன்கு தேறினார். உணர்ச்சி மாத்திரம் வறண்டிருந்தது. அவரோ உத்தியோகம், சேமிப்பு, குடும்பம் என ஒவ்வொன்றாய் இழந்தார். அவ்வாறே சேதமுற்ற இன்னொருவரிடம் அடுத்த சந்திப்புக்கு இரண்டு திகதிகள் கூறப்பட்டன. ஏறக்குறைய அரைமணி நேரம் இரண்டுக்கும் நியாயங்கள் அடுக்கிக்கொண்டே இருந்தார், முடிவுக்கு வரவில்லை. இரண்டாவது நாளில் வாருங்கள் என்று வைத்தியர் சொன்னதும், நல்லது என்று எழுந்து போனார். நியாயங்களுக்கு அங்கே பஞ்சமில்லை. இது போதும் என்று உணர்த்துவதே இல்லாதிருந்தது.

எனினும் உணர்ச்சியைக் கேளாமல் நம்பிவிடுதலும் ஆபத்து. 1982இல் அமெரிக்க வைத்திய சஞ்சிகையொன்றில் வெளிவந்த ஆய்வு இதற்குச் சான்று. மக்னீல், பாக்கர், சொக்ஸ், ட்வேர்ஸ்கி என்போர் நுரையீரற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையா கதிர்ச்சிகிச்சையா எனப் பலரிடம் வினவினர். ஒரு சாராருக்குப் பிழைப்போர் தொகை கூறப்பட்டது. சத்திரசிகிச்சை பெறும் 100 பேரில் 90 பேர் சிகிச்சையைத் தாண்டுவர். ஓராண்டின் பின் 68 பேரும் ஐந்தாண்டின் பின் 34 பேரும் உயிரோடிருப்பர். கதிர்ச்சிகிச்சையில் 100 பேரும் தாண்டுவர். பின் 77, பின் 22. மற்றைய சாராருக்கு இதே தொகைகளை இறப்போர் கணக்காகத் திருப்பிக் கூறினர்: 10, 32, 66, மற்றையதில் ஒருவருமிலர், 23, 78. பிழைப்போர் கணக்கைக் கேட்டவருள் கதிர்ச்சிகிச்சையைத் தெரிந்தோர் நூற்றுக்கு 18 பேர். இறப்போர் கணக்கைக் கேட்டவருள் 44 பேர். உண்மை ஒன்றே, சொல் வேறு. நோயாளர் மாத்திரமல்லர், வைத்தியரும், புள்ளிவிபரம் கற்ற மாணவரும் இவ்வாறே மயங்கினர் என்பதுதான் நாம் ஊன்றி நோக்கவேண்டியது. படிப்பு இங்கே கவசமாகவில்லை.

இந்த இடத்திலேதான் பிராங்கிளினுடைய தாள் மீண்டும் பயன்படும். வைத்தியர் இறப்போர் தொகையைச் சொன்னால் பிழைப்போர் தொகையையும் அருகே எழுதலாம். சிகிச்சை நாளின் கணக்கைச் சொன்னால் ஐந்தாண்டின் கணக்கையும் கேட்கலாம். அவ்வளவும் எழுதிய பின்னரும் ஒரு வினா எஞ்சும். உடனடி ஆபத்தை ஏற்று நெடிய ஆயுளை நாடுவதா, ஆபத்தின்றி வரும் ஓராண்டைக் குடும்பத்தோடு கழிப்பதா? அது கணக்கன்று, படுக்கையிலிருப்பவர் எதை விரும்புகின்றார் என்பது. நம்மிடையே பிள்ளைகளும் உறவினரும் வைத்தியசாலை விறாந்தையில் கூடிநின்று அதனைத் தீர்த்துவிடுகின்றனர். உள்ளே இருப்பவரிடம் கேட்டோரை நாம் அதிகம் கண்டதில்லை.