மேடாகும் கடல், பள்ளமாகும் கரை

வியாழக்கிழமை பொழுது விடியும் முன்பே அய்யலூர் ஆட்டுச் சந்தை களைகட்டிவிடும். திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் போகும் லாரி ஓட்டுநர்கள் வண்டி கருப்பணசாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஊரைத் தாண்டுவார்கள். சுற்றிலும் செம்மண் காடுகள். அவற்றுக்கு அப்பால், 2022-ல் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மலைக்காடு. கடற்காற்று எட்டிப் பார்க்காத ஊர் இது. ஆனாலும் கடலுக்குள் நிலம் உண்டாக்கி, அதில் நகரமும் சாலையும் போடும் வித்தையைப் புரிந்துகொள்ள இந்த ஊர்க்காரருக்கு அதிக நேரம் பிடிக்காது. பள்ளமான மனையை வாங்கி வீடு கட்டிய எவருக்கும் அதில் முக்கால்வாசி தெரியும்.

மனை ரோட்டைவிடத் தாழ்வாக இருந்தால் என்ன செய்கிறோம்? சுற்றிலும் கல் கட்டி, உள்ளே டிப்பர் டிப்பராகக் கிராவல் அடித்து, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்குகிறோம். “ஒரு மழை காணட்டும், மண் இறங்கட்டும்” என்பார் கொத்தனார். கடலிலும் நடப்பது இதுதான். அங்கே மனை நூற்றுக்கணக்கான ஏக்கர். டிப்பருக்குப் பதிலாக மண் உறிஞ்சும் கப்பல்.

இதற்கு ஊரில் ஒரு பின்கதையும் உண்டு. மேடாக்கிய மனையில் தண்ணீர் நிற்காது. அடுத்த ஐப்பசி மழையில் அது பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும். வேலி ஓரம் சண்டை தொடங்கும். கொழும்பிலும் மும்பையிலும் சென்னையிலும் கடலைத் தூர்ப்பது பற்றி நடந்த வாதங்களைப் பிரித்துப் பார்த்தால் அடியில் கிடப்பவை அந்த வேலியோரச் சண்டையின் கேள்விகள்தான். மண் எங்கிருந்து வந்தது? தண்ணீர் எங்கே போகும்?

மீட்பதா, தூர்ப்பதா?

அரசுக் காகிதங்களில் இதற்கு ‘நில மீட்பு’ என்று பெயர். இலங்கையில் ‘காணி மீட்டல்’ என்கிறார்கள். அடகுக்கடையில் வைத்த நகையை மீட்போம். அது நம்முடையது என்பதால் அந்தச் சொல் பொருந்தும். கடலிடம் நாம் எதையும் அடகு வைத்ததில்லை. ஊர்ப் பேச்சில் உள்ள சொல் ‘தூர்ப்பது’. கிணற்றைத் தூர்த்தான், குளத்தைத் தூர்த்தான் என்னும்போது அதில் ஒரு குற்றச்சாட்டும் சேர்ந்தே ஒலிக்கும். நாமும் இதற்குப் புதியவர்கள் அல்லர். சென்னையின் தியாகராய நகர் 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்த இடத்தில் எழுந்ததுதான்.

கடலுக்குள் ஏன் போகிறார்கள்?

நெடுஞ்சாலையோர ஊர்களுக்கு நில எடுப்பு என்றால் என்னவென்று சொல்லித் தரவேண்டியதில்லை. சர்வே எண், நோட்டீஸ், இழப்பீடு, வழக்கு என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பெருநகரத்தின் நடுவே ஓர் ஏக்கர் எடுப்பதோ அதைவிடப் பெரும்பாடு. கடலில் இடிக்க வீடில்லை, வாங்கப் பட்டா இல்லை. தூர்த்து முடித்தால் நகரின் விலை உயர்ந்த பகுதியை ஒட்டி வெற்று மனை கிடைத்துவிடும். திட்டம் போடுபவர்களை ஈர்ப்பது இந்தக் கணக்குத்தான்.

கடலுக்குப் பட்டா இல்லை என்பது உண்மை. ஆனால் எந்த இடத்தில் எந்த மாதம் மீன்பாடு இருக்கும், எந்தப் பாறை இடுக்கில் படகு நுழையும் என்பது மீனவருக்குத் தலைமுறைக் கணக்கு. அது சிட்டாவிலும் ஏறாது, அடங்கலிலும் ஏறாது.

எப்படிச் செய்கிறார்கள்?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, தண்ணீரைத் தடுத்து இறைப்பது. கேரளத்தின் குட்டநாட்டில் வேம்பநாட்டுக் காயலைச் சுற்றி வரப்பு எழுப்பி, உள்ளிருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டு, கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைவிக்கிறார்கள். நெதர்லாந்து இதையே பெரிய அளவில் செய்தது. 1932-ல் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அணை எழுப்பிக் கடலின் ஒரு கரத்தை ஏரியாக்கியது. அந்த ஏரிக்குள் உலர்த்தி எடுத்த நிலம் இன்று ஃபிளெவோலாந்து என்ற தனி மாகாணம். இந்த முறையில் மண் அதிகம் வேண்டாம். ஆனால் பம்பு நின்றால் வயல் மறுபடி காயலாகிவிடும்.

இரண்டாவது, நம் மனைக் கதை. முதலில் கடலுக்குள் கருங்கல் கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுப்புவார்கள். பிறகு கப்பல்கள் தொலைவில் கடலடி மணலை உறிஞ்சி வந்து, குழாய் வழியாகச் சுவருக்குள் பீய்ச்சும். நிரம்பிய மணலுக்குள் நீளமான அதிர்வுக் குழாய்களை இறக்கி உலுக்குவார்கள். கான்கிரீட் போடும்போது வைப்ரேட்டர் செய்யும் அதே வேலைதான், ஆனால் பல மீட்டர் ஆழத்துக்கு.

நமக்குப் பக்கத்தில் இப்படி எழுந்த பெரிய நிலம் கொழும்புத் துறைமுக நகரம். காலிமுகத்திடலை ஒட்டிய கடலில் 269 ஹெக்டேர், அதாவது சுமார் 665 ஏக்கர். சீன அதிபர் ஷி ஜின்பிங் 2014 செப்டம்பரில் வந்து தொடங்கிவைத்தார். ஆட்சி மாறியதும் 2015-ல் வேலை நின்றது. ஒப்பந்தம் திருத்தப்பட்டு 2016-ல் மறுபடி தொடங்கியது. 2019 ஜனவரியில் மணல் நிரப்பி முடித்தார்கள். தூர்க்க ஆன சீன முதலீடு 140 கோடி டாலர். கொட்டிய மணல் சுமார் 6.5 கோடி கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 2.3 கோடி யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் அடித்தால் 76 லட்சம் நடை.

மண் எங்கிருந்து வந்தது?

கொழும்பில் கொட்டிய மணல் இலங்கையின் மேற்குக் கரைக் கடலின் அடியிலிருந்து வந்தது. நீர்கொழும்பு மீனவர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையினரும் உடன் நின்றார்கள். மீன் முட்டையிட்டு வளர்வது அந்தக் கடலடியில்தான், மணலை உறிஞ்சினால் கரையும் அரிக்கும் என்பது அவர்கள் வாதம்.

பாலைவனம் முழுக்க மணல் இருக்கும் துபாய்கூட ஜுமைரா பனைத் தீவுக்காகக் கடலடியிலிருந்துதான் 9 கோடிக் கன மீட்டருக்கும் மேல் மணல் எடுத்தது. பாலைவன மணலைக் காற்று உருட்டி உருட்டி மழமழவென்று ஆக்கிவிடுகிறது. அது ஒன்றோடொன்று பிடித்து இறுகாது. எந்த மணலும் உதவாது, பிடிக்கிற மணல் வேண்டும் என்பதை நம் கொத்தனார்களும் சொல்வார்கள்.

சிங்கப்பூரின் கதை இன்னும் நீளம். 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த அந்நாடு இப்போது 730-ஐத் தாண்டிவிட்டது. தொடக்கத்தில் பிடோக், சிக்லாப் பகுதிக் குன்றுகளை வெட்டிக் கிழக்குக் கடற்கரையைத் தூர்த்தார்கள். குன்றுகள் தீர்ந்ததும் மணலுக்கு அண்டை நாடுகளை நாட வேண்டியதாயிற்று. மலேசியா 1997-லும் இந்தோனேசியா 2007-லும் மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. 2017-ல் கம்போடியாவும் சேர்ந்துகொண்டது. மணல் கிடைப்பது அரிதானதால் தெக்கோங் தீவில் நெதர்லாந்து பாணியில் அணைகட்டித் தண்ணீர் இறைக்கும் முறைக்குச் சிங்கப்பூர் மாறியது.

அங்கே தெலுக் ஆயர் தெருவில் 1830-ஐ ஒட்டித் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா இருக்கிறது. கட்டியபோது அதன் முன்னால் கடற்கரை இருந்தது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் கரையேறிய கையோடு தொழுத இடம் அது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூர்க்கத் தொடங்கியதில் கடல் விலகிவிட்டது. இன்று தர்கா வாசலில் நின்று பார்த்தால் தெரிபவை அடுக்குமாடிகள்தான்.

தண்ணீர் எங்கே போகும்?

இதற்குச் சென்னையைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. நம் கிழக்குக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். கரையோரமாகவே ஓடும் மணல் ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். 1876-ல் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 புயல் அதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். மணல் ஆற்றின் குறுக்கே அணை விழுந்தது.

வடக்கே போகவேண்டிய மணல் துறைமுகத்தின் தெற்கில் தங்கியது. ஒரு காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகில் மோதிய அலைகள் விலகிப் போயின. நாம் சுண்டல் தின்று காற்று வாங்கும் மெரினாவின் அகன்ற மணற்பரப்பு அப்படிச் சேர்ந்ததுதான். யாரும் தூர்க்கத் திட்டமிடாமலேயே சென்னைக்குக் கிடைத்த நிலம் அது. துறைமுகத்தின் வடக்கிலோ வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. மீனவர் தெருக்கள் போயின. கடலோரச் சாலையைக் காக்கக் கருங்கல் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தென்சென்னையின் மெரினாவும் வடசென்னையின் கல்குவியலும் ஒரே சுவரின் இரு பக்கங்கள்.

பழவேற்காட்டு மீனவர்கள் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்ப்பதற்கும் இந்த நினைவுதான் காரணம். அந்தத் திட்டத்திலும் கடலைத் தூர்த்து நிலம் எடுப்பது ஒரு பகுதி.

மண் இறங்குமா?

இறங்கும். ஜப்பானின் ஒசாகா விரிகுடாவில் செயற்கைத் தீவின் மேல் கான்சாய் விமான நிலையத்தை 1994-ல் திறந்தார்கள். அடியில் இருப்பது களிமண். நீரைப் பிழிந்து வெளியேற்ற லட்சக்கணக்கான மணல் தூண்களை முன்கூட்டியே இறக்கியும், கட்டத் தொடங்கியதிலிருந்து தீவு 11 மீட்டருக்கும் மேல் அமிழ்ந்திருக்கிறது. இறங்கும் என்று தெரிந்தே உயரம் கூட்டிக் கட்டினார்கள். கணக்கைவிடக் கூடுதலாக இறங்கியது. 2018 செப்டம்பரில் ஜெபி புயல் வந்தபோது ஓடுபாதையில் கடல்நீர் புகுந்தது. நல்ல பொறியியலுக்கும் இது தெரிந்த செலவுதான். ஆனால் திறப்பு விழா மேடையில் அறிவிக்கும் தொகையில் இது இருக்காது.

சாலைக்காக ஒரு கடல்

மும்பையே தூர்த்து உருவான ஊர். ஏழு தீவுகளுக்கு நடுவே இருந்த கடலையும் சதுப்பையும் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து நிரப்பி ஒன்றாக்கினார்கள். தமிழர்கள் நிறைந்த தாராவியும் சதுப்பாகக் கிடந்த இடம்தான். 1920-களில் நடந்த பேக்பே தூர்ப்புத் திட்டத்தின் முறைகேடுகளை அம்பலப்படுத்தி, அவதூறு வழக்கிலும் வென்றவர் கே.எஃப். நரிமன். பிற்பாடு அதே கடலைத் தூர்த்து எழுப்பிய வணிக வட்டாரத்துக்கு நரிமன் முனை என்று அவர் பெயரையே சூட்டினார்கள்.

அந்த நகரம் அண்மையில் போட்டது மும்பைக் கடலோரச் சாலை. மரைன் டிரைவ் பக்கமிருந்து வொர்லி வரை சுமார் 10.6 கிலோமீட்டர். மலபார் குன்றுக்கு அடியில் இரட்டைச் சுரங்கம். மற்ற இடங்களில் பாலமும், 111 ஹெக்டேர் கடலைத் தூர்த்த நிலமும். 1991-இலிருந்தே கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் கடலைத் தூர்ப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. 2015 டிசம்பரில் செய்த திருத்தம், விதிவிலக்கான நிலையில் சாலைக்காகத் தூர்க்கலாம் என்று வழிவிட்டது. 2019 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததால் வேலை மீண்டும் நடந்தது. 2024 மார்ச்சில் முதல் பகுதி திறக்கப்பட்டது. முக்கால் மணி நேரம் நகர்ந்து போன இடத்துக்கு இன்று கார்கள் சில நிமிடங்களில் போகின்றன. கார் வைத்திருப்பவர்களுக்கு லாபம் என்பதில் ஐயமில்லை.

இந்தக் கதையில் அய்யலூர்க்காரர் கவனிக்கவேண்டிய இடம் வொர்லிக் கோளிவாடா. கோளி மக்கள் மும்பையின் ஆதி மீனவர்கள். அவர்களின் சிறு துறையிலிருந்து படகு வெளியேறும் வழியின் குறுக்கே பாலத்தின் தூண்கள் வரவிருந்தன. இரண்டு தூண்களுக்கு நடுவே 60 மீட்டர் போதும் என்றது மாநகராட்சி வரைபடம். அலையும் நீரோட்டமும் இழுக்கும்போது அந்த இடைவெளியில் படகு தூணில் மோதும் என்றார்கள் மீனவர்கள். படகோடு மறித்தார்கள், வேலையை நிறுத்தினார்கள். கடைசியில் ஒரு தூணைக் கைவிட்டு, இடைவெளியை 120 மீட்டராக்க அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். மீனவர்களிடம் காட்ட ஒரு பட்டாவும் இல்லை. தண்ணீர் எப்படிப் போகும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

எங்கிட்டு மண் எடுத்தீர்கள், எங்கிட்டுத் தண்ணீர் போகும் என்று வேலியோரத்தில் நின்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பதும் இதைத்தான். முதல் டிப்பர் கொட்டும் முன் கேட்டால் அது கேள்வி. கொட்டிய பிறகு கேட்டால் வழக்கு.