லாரி எஞ்சினைக் காக்கும் நீர்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் பதிவெண் தாங்கிய லாரிகளைக் காணாத நெடுஞ்சாலை இந்தியாவில் உண்டோ என்பது ஐயமே. தமிழகத்தை விட்டு வெளியே வாழும் நம்மவருள், ஆண்டின் பெரும்பகுதியைச் சாலையிலேயே கழிக்கும் ஓட்டுநர்களும், கடன் வாங்கி ஒன்றிரண்டு வண்டிகள் வைத்துப் பிழைக்கும் சிறு உரிமையாளர்களும் பலர். அவர்களை எண்ணியே இன்று டீசல் லாரியின் எஞ்சினைக் குளிர்விக்கும் ஏற்பாட்டைப் பற்றிப் பேச முற்படுகிறோம்.

நாம் தொழிலால் மொழிபெயர்ப்பாளர். ரேடியேட்டருக்கும் நமக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். சில ஆண்டுகளுக்கு முன் கனரக வாகனங்களின் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பணி நம்மிடம் வந்தது. எஞ்சினுக்குள் சுற்றியோடும் திரவத்தை முதற்படியில் நாம் ‘தண்ணீர்’ என்றே எழுதிவிட்டோம். ஓட்டுநர் யாவரும் அப்படித்தானே சொல்லுகின்றனர்! ஆயினும் ஓர் ஐயம் நெருடவே, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தில்லியின் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகருக்குச் சென்றோம்.

அங்கே ஒரு பட்டறை வாசலில் எஞ்சின் ஹெட் கழற்றப்பட்ட லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் உரிமையாளரும் ஓட்டுநரும் ஒருவரே, கொங்கு நாட்டவர். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தார். ஆனால் அம்மலர்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. “குறையக் குறைய ஊத்திக்கிட்டேதானுங்க ஐயா வந்தேன். எந்தத் தண்ணியா இருந்தா என்னங்க, தண்ணி தானுங்களே?” என்றார். ராஜஸ்தானத்து வழிநெடுகக் கிடைத்த ஆழ்குழாய்க் கிணற்று நீரையே அவர் மாதக்கணக்கில் ஊற்றி வந்திருக்கிறார். பட்டறைக்காரர் உளியால் சுரண்டி எடுத்து நம் உள்ளங்கையில் வைத்தது, சுண்ணாம்புச் சுவரிலிருந்து பெயர்ந்தது போன்ற வெள்ளைப் பொருக்கு. ஹெட்டில் விரிசல், இரண்டு லைனர்களும் பழுது. ஏற்றி வந்த சரக்கு வேறு வண்டிக்கு மாறிவிட்டது. மாதத் தவணை மட்டும் மாறவில்லை. அன்றிரவு வீடு திரும்பியதும் ‘தண்ணீர்’ என்னும் சொல்லைக் கையெழுத்துப் படியில் அடித்துவிட்டு, ‘குளிர்விக்கும் திரவம்’ என்று எழுதினோம். அச்சொல் மாற்றத்தின் விளக்கமே இப்பேச்சு.

வெப்பம் போகும் வழி

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலை இல்லை. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அழுத்தும்போது அக்காற்றே 500 டிகிரிக்கு மேல் கொதித்து, தெளிக்கப்பட்ட டீசலைப் பற்றவைக்கிறது. எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வெப்பம் 2000 டிகிரியையும் கடக்கும். வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1200 டிகிரியிலேயே உருகிவிடும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகும். ஆகவே அந்த வெப்பத்தை உடனுக்குடன் வெளியேற்றாவிடில் எஞ்சின் தன் நெருப்பிலேயே அழிய வேண்டியதுதான்.

நாம் விலை கொடுத்து வாங்கும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மிகத் திறமையான எஞ்சின்களில் அதற்குச் சற்று மேல், சக்கரத்தைச் சுழற்றுகிறது. மற்றொரு பெரும்பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைச் சுமந்து செல்வது இத்திரவமே. வாட்டர் பம்பு இதனை எஞ்சினுள் செலுத்துகிறது. லைனர்களையும் ஹெட்டையும் தழுவிச் சூடேறிய திரவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் பாய்ந்து, விசிறி இழுக்கும் காற்றினால் ஆறி, மீண்டும் எஞ்சினுக்குள் வருகிறது. தெர்மோஸ்டாட் என்பது இவ்வழியில் நிற்கும் வாயிற்காவலன். எஞ்சின் தக்க சூடு அடையும் வரை அது கதவைத் திறவாது.

ரேடியேட்டரின் மூடியையும் அற்பமாக எண்ணலாகாது. அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. வெளிக்காற்றுக்கு மேல் ஒரு கிலோ அளவு அழுத்தம் இருந்தால், வெறும் நீர் கூட 100 டிகிரிக்குப் பதிலாக ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். சூடான வண்டியின் மூடியைத் திறப்பவர்கள் முகமும் கையும் வெந்துபோவதன் காரணம் இதுவே. மூடி திறந்ததும் அழுத்தம் நீங்க, அதுவரை கொதியாதிருந்த திரவம் அக்கணமே ஆவியாகிச் சீறுகிறது. ஈரச் சாக்கைப் போட்டுத் திறக்கலாம் என்பது அபாயமான நம்பிக்கை. கையால் தொட்டுச் சூடு தெரியாத நிலை வரும் வரை காத்திருத்தலே வழி.

நீர் பகையாவது எப்படி?

வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும் உப்பை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிவர். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகளே சூடேறியதும் அவ்வாறு படிகின்றன. எஞ்சினுக்குள்ளும் இதே நிகழ்ச்சிதான். அதுவும் எந்த இடம் மிகச் சூடானதோ அங்கேதான் முதலில் படியும். இவ்வுப்புப் படிவு வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்பைவிடப் பன்மடங்கு மந்தமானது. ஆதலால் நகத்தின் கனமுள்ள படிவே சிலிண்டருக்குக் கம்பளி போர்த்தியது போலாகிவிடும். சூடு காட்டும் முள் இயல்பான இடத்திலேயே நிற்க, உள்ளே இரும்பு வெந்துகொண்டிருக்கும். இதுவே இத்தீங்கின் வஞ்சகம்.

இரண்டாவது பகை துரு. மூன்றாவதை நம்மவர் பலரும் அறியார். கனரக எஞ்சின்களில் லைனரின் வெளிப்புறம் நேரே திரவத்தில் நனைந்திருக்கும். ஒவ்வொரு வெடிப்பிலும் லைனர் நுண்ணிதாக அதிர, அதன் வெளிச் சுவரில் சிறுசிறு குமிழிகள் தோன்றி நொறுங்குகின்றன. நொறுங்கும் குமிழி ஒவ்வொன்றும் ஊசி முனையால் குத்தியது போல் இரும்பை அரிக்கிறது. நாளடைவில் துளை விழுந்து திரவம் எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. தரமான கூலண்டில் சேர்க்கப்பட்டுள்ள மருந்துகள் லைனரின் மேல் காப்புப் படலம் அமைத்து இதனைத் தடுக்கின்றன. அம்மருந்து காலப்போக்கில் தீர்ந்துவிடும். நிறம் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே நிறத்தைப் பார்த்து நலத்தை முடிவு செய்தல் கூடாது.

கழுவும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை முற்றிலும் ஆறவிட வேண்டும். பின்னரே மூடியைத் திறக்கலாம். ஓட்டுநர் அறையில் ஹீட்டர் உள்ள வண்டியாயின் அதன் திருகை முழுச் சூட்டுக்கு வைக்க வேண்டும். இல்லையேல் அதன் குழாயில் பழைய திரவம் தங்கிவிடும். அடுத்து ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறக்க வேண்டும். பலர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டிலும் ஒரு வடிதிருகு உண்டு. அதனையும் திறந்தாலன்றிப் பழைய அழுக்கில் பெரும்பங்கு உள்ளேயே நிற்கும்.

வடிவதைத் தொட்டியில் பிடித்துக் கூர்ந்து நோக்குங்கள். செந்நிறக் கலங்கல் துருவைக் காட்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஆயில் கூலரிலோ ஹெட் கேஸ்கட்டிலோ கசிவு இருக்கலாம். ஆயில் கம்பியில் பால்போல வெளுத்த ஆயில் தெரிந்தால், திரவம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது பொருள். இவ்விரண்டுக்கும் கழுவுதல் மருந்தாகாது. பட்டறைக்குச் செல்ல வேண்டும்.

பின்னர் வடிவழிகளை அடைத்து, நல்ல நீரையும் ரேடியேட்டர் கழுவும் மருந்தையும் புட்டியில் குறித்த அளவில் ஊற்றி எஞ்சினை ஓட்ட வேண்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என அறியலாம். அதன்பின் புட்டியில் கூறிய நேரம் வரை ஓடவிட்டு, நிறுத்தி, ஆறவிட்டு, வடிக்க வேண்டும். பிறகு வெறும் நல்ல நீர் விட்டு, வடிவது தெளியும் வரை இரண்டு மூன்று முறை இவ்வாறே செய்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆறவிட்டே நீர் ஊற்றுக. கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் ஹெட் வெடிக்கும். சோடாக் காரமும் அமிலமும் போட்டுக் கழுவும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். முற்காலத்துச் செம்பு ரேடியேட்டர்கள் அவற்றை ஓரளவு தாங்கியிருக்கலாம். இக்காலத்து அலுமினிய ரேடியேட்டரை அவை தின்றுவிடும்.

அடைப்பு மிகுதியாயின் எதிர்முகமாகக் கழுவ வேண்டும். இரு ஹோஸ்களையும் கழற்றி, கீழ்வாயில் நீர் செலுத்தி மேல்வாய் வழியே வெளியேற்றினால், ஓட்டத்தின் திசையில் சிக்கிய அழுக்கு பின்னோக்கிப் பெயரும். நீரின் வேகம் மிதமாக இருத்தல் வேண்டும். மிகுந்தால் குழாய்களின் இணைப்பு விட்டுப்போகும். ரேடியேட்டரின் வெளிப்புறத்தையும் மறவாதீர்கள். புழுதி, வைக்கோல், பூச்சி இவை அடைத்த இடுக்குகளில் காற்று புகாது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி நீர் பீய்ச்சினால் வந்த வழியே அவை போய்விடும்.

கூடவே பார்க்க வேண்டியவை

திரவம் இல்லாத இவ்வேளையே உறுப்புகளைச் சோதிக்கத் தக்க வேளை. அமுக்கினால் மிகக் கடினமாகவோ கூழ்போலவோ உள்ள ஹோஸை மாற்றிவிடுக; கிளாம்புகளை முறுக்குக. ஃபேன் பெல்ட்டில் வெடிப்பு உண்டா, தளர்ச்சி உண்டா என்று பார்க்க வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் திரவம் ஒழுகிய கறை இருந்தால், அதன் ஸீல் தேய்ந்துவிட்டது என்பது பொருள். மூடியின் ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் மூடியையே மாற்ற வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திர நீரில் நூலில் தொங்கவிட்டு அடுப்பேற்றிச் சோதிக்கலாம். அதன் மேல் பொறித்த டிகிரியையொட்டித் திறக்கத் தொடங்கி, அதற்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு மேல் முழுதும் திறந்தால் அது நலமாக உள்ளது. “சூடு ஏறுகிறது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி” என்பது நம் சாலைகளில் பரவலாகக் கேட்கும் வைத்தியம். இது நோயை விடத் தீய வைத்தியம். எஞ்சின் தக்க சூடு அடையாமல் டீசல் அரைகுறையாக எரியும். டீசல் செலவும் தேய்மானமும் மிகும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிடில் திரவத்தின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே குறுக்குவழியில் திரும்பிவிடும்; சூடு குறைவதற்கு மாறாக ஏறும்.

புதிய திரவம்

கூலண்ட் என்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளும், துருத் தடுப்பு மருந்துகளும், தூய நீரும் சேர்ந்த கலவை. வண்டியை ஆக்கியவர் கையேட்டில் குறித்த வகையையே வாங்குக. இரு வேறு வகைகளைக் கலந்தால் சில வேளை கூழாகித் திரண்டு குழாயை அடைக்கும். பச்சையும் பச்சையும் ஒன்றே எனக் கருதலாகாது. நிறத்துக்கு உலகப் பொது விதி ஏதும் இல்லை. கலந்தே விற்பதை அப்படியே ஊற்றலாம். தனிக் கூலண்டாயின் கடைகளில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீரை, அதாவது காய்ச்சி வடித்த நீரைச் சேர்க்க வேண்டும். பேட்டரி அமிலத்தை மாறி வாங்கிவிடாதீர்கள். எவ்வளவு வடித்தாலும் கழுவிய நீர் சிறிது உள்ளே தங்குமாதலால், பாதிக்குப் பாதி கலவை வேண்டுமானால், மொத்தக் கொள்ளளவில் பாதியளவு தனிக் கூலண்டை முதலில் ஊற்றி, மிகுதியை வடித்த நீரால் நிரப்புவது நலம்.

மெல்ல ஊற்றுக. காற்றுத் திருகு இருந்தால் திறந்து வைத்துக் காற்றை வெளியேற்றுக. உள்ளே சிக்கிய காற்று சூட்டுக்குக் காரணமாகும். சிறிது நேரம் ஓட்டி, ஆறிய பின் அளவு குறைந்திருந்தால் நிரப்பி, மறுநாட் காலையிலும் பார்க்க வேண்டும். வெளியே ஒழுக்கின்றி அளவு நாள்தோறும் குறைந்தால் உள்ளே கசிவு உண்டு.

வடித்த பழைய கூலண்டை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அது இனிப்புச் சுவையுடைய கொடிய நஞ்சு. நாயும் மாடும் குழந்தையும் அதைக் குடித்துவிடக்கூடும்; சிறுநீரகங்கள் அழிந்து உயிரே போகும். வாயால் உறிஞ்சிக் குழாயில் இழுப்பதும் கூடாது. மூடிய கலத்தில் வைத்துப் பட்டறையில் ஒப்படையுங்கள்.

பாலையும் பனியும்

ராஜஸ்தானத்துப் பலோடியில் 2016 மே 19 அன்று வெப்பம் 51 டிகிரியைத் தொட்டது. அத்தகைய காற்றைக் கொண்டு எஞ்சினை ஆற்ற வேண்டுமாயின் ரேடியேட்டர் சிறிதும் அடைபடாதிருத்தல் வேண்டும். வடக்கே மலையேறினாலோ வேறு சோதனை. லே நகரம் 3500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே திறந்த பாத்திரத்து நீர் 90 டிகிரிக்கும் குறைவிலேயே கொதித்துவிடும். கெட்ட மூடியோடு அங்கே ஏறுவோர் வழியெல்லாம் கொதிநீரை இழப்பர்.

தமிழகத்தில் பிறந்த நாம் நீர் உறைந்து பாத்திரம் வெடித்ததைக் கண்டதில்லை. உறையும் நீர் தன் கன அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். காஷ்மீரத்தில் ஆப்பிள் ஏற்றக் காத்திருக்கும் ஒரு குளிர் இரவில், வெறும் நீர் ஊற்றிய வண்டியின் பிளாக்கைப் பிளக்க இது போதும். பாதிக்குப் பாதி கிளைக்கால் கலவையோ, பூஜ்யத்துக்குக் கீழ் 35 டிகிரி வரை உறையாது.

வழியில் முள் ஏறினால்

மலைப்பாதையில் சூடு ஏறக் கண்டால் கியரைக் குறைத்து வேகத்தைத் தணித்து ஓரம் கட்டுங்கள். திரவம் குறையாமல் இருந்தால் எஞ்சினைச் சிறிது நேரம் நிதானமாக ஓடவிடுவது நன்று. ஹோஸ் வெடித்துத் திரவம் கொட்டிவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். வேறு வழியின்றிக் கிணற்று நீர் ஊற்ற நேரலாம், அதில் குற்றமில்லை. ஆனால் அந்நீர் விருந்தாளி மட்டுமே. ஊர் சேர்ந்ததும் அதனை வடித்துக் கழுவி உரிய திரவத்தை நிரப்ப வேண்டும்.

பட்டறை வாசலில் கண்ட அன்பர் பின்னர் வண்டியைச் சீர்செய்து ஊர் திரும்பினார். புறப்படும்போது, கிளீனர் பையன் இருக்கைக்கு அடியில் இரண்டு கேன் பேட்டரித் தண்ணீரைத் திணித்து வைத்ததை நமக்குக் காட்டினார். “இது குடிக்கிற தண்ணியைவிட விலைங்க ஐயா, ஆனா ஹெட்டைவிட மலிவுங்க” என்றார். அடுத்த சரக்குக்காகக் காத்திருக்கும் நாள் உங்களுக்கும் வரும். அன்று காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போதே, ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒருமுறை உள்ளே பாருங்கள்.