லோரி இன்ஜின்: பழையதா, புதியதா? டீசல் எங்கே மிச்சமாகிறது

திகாம் பத்து வழியாகச் செல்லும் பழைய கூட்டரசு சாலையில் விடியற்காலையிலேயே லோரிகளின் சத்தம் தொடங்கிவிடும். சுங்கைப்பட்டாணியிலிருந்து மூடா ஆற்றைக் கடந்து பட்டர்வொர்த் நோக்கிப் போகும் சரக்கு லோரிகள் ஒரு பக்கம், செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரிகள் மறுபக்கம். இவற்றை ஓட்டுபவர்களிலும், சொந்தமாக ஓரிரண்டு லோரி வைத்துப் பிழைப்பவர்களிலும் தோட்டத்துப் பின்னணி கொண்ட தமிழர்கள் பலர் இருக்கிறார்கள்.

அவர்களின் கணக்கைப் புரட்டிப் போட்ட நாள் 2024 ஜூன் 10. அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தது. அதன் பிறகு விலை சந்தை நிலவரப்படி மாறத் தொடங்கியது. தகுதி பெற்ற சரக்கு வாகனங்கள் ஃபிலீட் கார்டு மூலம் பழைய விலையிலேயே டீசல் பெறலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஆனால் அதற்கும் மாத அளவு உண்டு. அதனால் ஒரு லிட்டரில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்ற கேள்வி முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

ஒரு சிறு கணக்கு

ஒரு கனரக லோரி மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 2.5 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவு 2,400 லிட்டர். அதே லோரி 2.75 கிலோமீட்டர் கொடுத்தால் சுமார் 2,182 லிட்டர் போதும். 218 லிட்டர் மிச்சம். 3 வெள்ளி 35 காசு விலையில் அது மாதம் 730 வெள்ளி, மானிய விலையில் 469 வெள்ளி. லிட்டருக்குக் கால் கிலோமீட்டர்தான் கூடியது, ஆனால் அந்தத் தொகை ஒரு குடும்பத்தின் மாத மளிகைச் செலவுக்குச் சமம்.

புதிய இன்ஜின் ஏன் குறைவாகக் குடிக்கிறது

டீசலை எவ்வளவு நுண்ணிய துளிகளாகத் தெளிக்கிறோமோ, அவ்வளவு முழுமையாக அது எரியும். பழைய லோரிகளில் இயந்திரப் பம்பு அந்த வேலையைச் செய்தது. இன்றைய ‘காமன் ரெயில்’ முறையில் டீசல் 1,800 முதல் 2,500 பார் அழுத்தத்தில் காத்திருக்கும். ஒரு காரின் டயரில் இருப்பது சுமார் 2.2 பார்தான் என்பதோடு ஒப்பிட்டால் அதன் வேகம் புரியும். எப்போது, எத்தனை முறை, எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது.

இத்துடன் டர்போ வெளியேறும் புகையின் சக்தியைக் கொண்டே கூடுதல் காற்றை உள்ளே தள்ளுகிறது. இன்டர்கூலர் அந்தக் காற்றைக் குளிர்விக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து நல்ல கனரக இன்ஜின், டீசலில் உள்ள சக்தியில் 40 விழுக்காட்டுக்கும் மேல் சக்கரத்துக்கான வேலையாக மாற்றுகிறது. சீனாவின் வெய்ச்சாய் நிறுவனம் 2020இல் 50 விழுக்காட்டைத் தாண்டிய இன்ஜினை அறிவித்தது. மீதமுள்ள சக்தி புகைபோக்கியிலும் ரேடியேட்டரிலும் வெப்பமாகப் போய்விடுகிறது.

நம்பிக்கை எங்கே உடைகிறது

“பழைய இன்ஜின்தான் கெட்டி, நடுரோட்டில் நின்றாலும் ஸ்பேனர் இருந்தால் போதும்” என்று அனுபவசாலிகள் சொல்வதில் உண்மை உண்டு. புதிய இன்ஜினின் உலோக உறுப்புகள் பலவீனமானவை அல்ல. முறையாகப் பராமரித்தால் பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடக்கூடியவையாகவே அவை வடிவமைக்கப்படுகின்றன. பழுது பெரும்பாலும் சுற்றியுள்ள நுண்கருவிகளில்தான் வருகிறது. இன்ஜெக்டர், சென்சார், வயரிங், புகைச் சுத்திகரிப்பு ஆகியவை அவை.

இன்ஜெக்டருக்குள் அசையும் உறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத தூசியும் ஒரு சொட்டுத் தண்ணீரும் பழைய பம்புக்குத் தொந்தரவு, புதிய இன்ஜெக்டருக்கோ சாவு. எனவே புதிய லோரிக்கு முதல் காவலன் டீசல் பில்டர். விலை குறைந்த போலி பில்டரில் மிச்சமாகும் சில வெள்ளி, பிறகு இன்ஜெக்டர் மாற்றும்போது பல மடங்காகத் திரும்பி வரும்.

செம்பனை எண்ணெயும் தண்ணீரும்

1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. இன்று மலேசிய டீசலில் செம்பனையிலிருந்து எடுத்த பயோடீசல் கலக்கிறது. 2019 முதல் போக்குவரத்துக்கு பி10, அதாவது 10 விழுக்காடு கலவை, நடைமுறைக்கு வந்தது. 2021 ஏப்ரலில் யூரோ 5 தரம் கட்டாயமானது. பழைய யூரோ 2எம் டீசலில் 500 பிபிஎம் வரை இருந்த கந்தகம் 10 பிபிஎம்மாகக் குறைந்தது. இதனால் புகையும் குறைகிறது, இன்ஜினுக்கும் நல்லது.

பயோடீசலின் சக்தி சாதாரண டீசலைவிடச் சற்றுக் குறைவு. பி10இல் அந்த வித்தியாசம் சுமார் ஒரு விழுக்காடுதான். ஆனால் அது ஈரத்தை அதிகம் இழுக்கும். பழைய தொட்டியின் அடியில் படிந்த கசடையும் கரைத்துவிடும். கெடாவின் ஈரக் காற்றில் இரவில் பாதி காலியாக நிற்கும் தொட்டிக்குள் நீர் படியும். ஆகவே தொட்டியை இரவில் நிரப்பி வைப்பதும், நீர் பிரிப்பானை வாரம் ஒரு முறை திறந்து வடிப்பதும் செலவில்லாத காப்பு.

யூரியா ஏன் வேண்டும்

சில புதிய லோரிகளில் டீசலுக்குப் பக்கத்திலேயே நீல மூடி போட்ட இன்னொரு சிறு தொட்டி இருக்கும். அதில் ஊற்றுவது 32.5 விழுக்காடு யூரியா கலந்த தூய நீர், ‘ஆட்புளூ’ என்று சொல்வார்கள். கெடாவில் குரூணில் உர ஆலை தயாரிக்கும் யூரியாவும் வேதியியலில் இதே பொருள்தான். ஆனால் வயலுக்குப் போடும் உரத்தைக் கரைத்து இதில் ஊற்றினால் அதிலுள்ள கலப்பு சுத்திகரிப்புக் கருவியைப் பாழாக்கிவிடும்.

இந்தத் திரவம் தீர்ந்தால் கணினி இன்ஜினின் சக்தியைக் குறைத்துவிடும். 2021 இறுதியில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, தென் கொரியாவில் லோரிகள் நிற்கும் நிலை ஏற்பட்டது. நீண்ட பயணம் போகும் முன் இரண்டு தொட்டியையும் பார்ப்பது இனி ஓட்டுநரின் வழக்கமாக வேண்டும்.

எதை வாங்குவது

நெடுஞ்சாலையில் தினமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் லோரிக்குப் புதிய காமன் ரெயில் இன்ஜின் விரைவில் தன் விலையை மீட்டுக்கொடுக்கும். தோட்டத்து மண்சாலையில் குறுகிய தூரம் மெதுவாக ஓடும் லோரிக்குக் கணக்கு வேறு. அங்கே நின்று நின்று ஓடுவதால், புகைத்தூள் வடிகட்டி தானாகச் சுத்தமாக வேண்டிய வெப்பம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். அந்த வேலைக்கு எளிய இன்ஜின் பொருத்தமாக இருக்கலாம். எதுவானாலும், பக்கத்துப் பட்டறையில் அந்த மாடலைச் சோதிக்கும் கணினிக் கருவி இருக்கிறதா, உதிரிப் பாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

ஓட்டுபவர் கையில் உள்ளது

இன்ஜின் எதுவாக இருந்தாலும் மிச்சத்தின் பெரும்பகுதி ஓட்டும் முறையில்தான். 90 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறங்கினால் காற்று எதிர்ப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. நின்ற இடத்தில் இன்ஜின் ஓடினால் கனரக லோரி மணிக்கு 2 முதல் 3 லிட்டர் வரை வீணாக்கும். ஆலை வாசலில் தினமும் இரண்டு மணி நேரம் காத்திருந்தால், மாதத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் போய்விடும். டயர் காற்று குறைந்தாலும், அனுமதிக்கு மேல் பாரம் ஏற்றினாலும் டீசல் கூடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் சோதனைக்குப் போகும்போது மட்டும் பராமரித்தால் போதாது.

அதேபோல், மலையேறி வந்த லோரியை உடனே நிறுத்தக் கூடாது. டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. இன்ஜினை நிறுத்தினால் அதற்குப் போகும் ஆயிலும் நின்றுவிடும். இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினால் அதன் ஆயுள் கூடும்.

இளைஞர்களுக்கு ஒரு வழி

இந்த மாற்றம் ஒரு வேலை வாய்ப்பையும் திறக்கிறது. ஸ்பேனரோடு கணினியும் கையாளத் தெரிந்த மெக்கானிக் இனி எந்தப் பட்டறைக்கும் தேவை. எஸ்பிஎம் முடித்த பிள்ளைகள் கூலிம், கெப்பாலா பத்தாஸ், நிபோங் திபால் பகுதிகளில் உள்ள மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்களில் என்னென்ன துறைகள் உள்ளன என்று நேரில் விசாரிக்கலாம். அப்பா ஓட்டிய லோரியின் இன்ஜினைப் புரிந்துகொண்ட பிள்ளை, அதைப் பழுது பார்க்கும் பட்டறைக்கே உரிமையாளராக முடியும்.